காட்டில் புலி இல்லாமல் போனால் நட்டம் எங்களுக்குத்தான்

"காட்டுப் புலிகளைக் காப்பது சூழலுக்கு ஏன் அவ்வளவு அவசியம்? அந்தக் காசைக் காட்டோரத்து ஏழைச் சனத்துக்குக் கொடுத்தால் அவர்களாவது பிழைப்பார்களே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லுகிற அந்தக் காட்டோரத்துச் சனத்தில் நானும் ஒருத்தி. முல்லைத்தீவு மாவட்டம், ஒட்டுசுட்டான் பக்கம். வேலியைத் தாண்டினால் எங்கள் கச்சான் (நிலக்கடலை) தோட்டம், தோட்டத்தைத் தாண்டினால் காடு. எங்களைச் சாட்டிக் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவராவது பதில் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிறவர் என்று நினைக்கிறேன். தவறென்றால் மன்னியுங்கள். கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை என்பது விளங்குகிறது. ஆனால் புலிக்குக் கொடுப்பது வேறு, எங்களுக்குக் கொடுப்பது வேறு என்று நீங்கள் பிரித்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது.

இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை. எப்போதோ இருந்திருக்கிறது. 1962இல் இரத்தினபுரிக்குக் கிட்டக் கிடைத்த ஒரு பல்லும், குருவிட்டைப் பக்கம் கிடைத்த, ஏறத்தாழ 16,500 வருடம் பழமையான ஒரு விரல் எலும்பும் அதற்குச் சாட்சி. அதன் பிறகு அழிந்துவிட்டது. சிங்கமும் இல்லை, செந்நாயும் இல்லை. ஆகவே இந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது சிறுத்தைதான். இந்தியாவில் வரிப்புலி செய்கிற வேலையை இங்கே சிறுத்தை செய்கிறது. நான் கண்டது சிறுத்தையை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் 2011இல் செட்டிகுளம் முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பியபோது வளவு எது, காடு எது என்று தெரியவில்லை. கிணற்றடி வரைக்கும் சூரைப்பற்றையும் ஈச்சம்பற்றையும். மாமாவின் மாட்டுப்பட்டி ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய பட்டி. போரில் எல்லாம் சிதறிப் போய்க் காட்டுக்குள் கட்டாக்காலியாகத் திரிந்தன. குறிசுட்ட அடையாளத்தைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சத்தைப் பிடித்து வந்து, முள்ளுக்கொப்பு வெட்டி அலம்பல் வேலி அடைத்துப் பட்டி கட்டினார். எங்களுக்கு அப்போது இருந்த சொத்து அதுதான். கையில் காசு இல்லை, வீடு தகரக் கொட்டில்.

ஒரு மார்கழி விடியற்காலை பட்டியின் கிழக்கு மூலையில் அலம்பல் சரிந்து கிடந்தது. ஒரு நாகு கண்டைக் காணவில்லை. தாய்ப்பசு வேலியில் நெஞ்சை முட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. இரவு மழை பெய்திருந்தபடியால் இழுத்துப் போன தடம் சேற்றில் வடிவாகத் தெரிந்தது. கூடவே நாலு விரல் பதிந்த அடி, என் உள்ளங்கை அகலத்துக்கு, நகம் பதியாமல். தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீரை மரத்தின் கீழ் கண்டு கிடந்தது. தொண்டையில் இரண்டு துளை. அவ்வளவு பெரிய துளைகூட இல்லை. இரத்தம் அதிகம் சிந்தியிருக்கவில்லை. பின்தொடைப் பக்கம் மட்டும் தின்றிருந்தது. கண் திறந்தபடி இருந்தது. நான் அந்தக் கண்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டவள். அதைப் பார்த்த நேரம் எனக்குள் வந்தது ஆத்திரம் மட்டும்தான். சூழல் சமநிலை என்று யாராவது அப்போது வந்து சொல்லியிருந்தால் காது கொடுத்திருக்க மாட்டேன். கண்டை இழந்தவரிடம் முதலில் அந்த இழப்பைப் பற்றிக் கதையுங்கள். பிறகு சூழலைப் பற்றிக் கதைக்கலாம்.

அயலில் இருந்த பெடியள் வந்தார்கள். "அப்பு, மிச்சத்துக்கு மருந்து ஊத்தி விடுவம். இரவைக்குத் திரும்பி வரும், வந்து திண்டிட்டுச் சாகட்டும்" என்றார்கள். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தைத்தான் சொன்னார்கள். மாமா குந்தியிருந்து கண்டின் தலையைத் தடவிக்கொண்டு, "வேண்டாம் தம்பியவை. அது எடுத்தது ஒரு கண்டு. அது இல்லாட்டிப் பண்டி எடுக்கப் போறதை உங்களாலை எண்ண ஏலாது" என்றார்.

மாமா படித்தது குறைவு. ஆனால் காட்டைப் படித்தவர். காட்டுக்குள் இறங்கும் முன் ஐயனாருக்கு ஒரு குழை முறித்து வைக்காமல் போகவே மாட்டார். மந்தி குரல் கொடுக்கிற விதத்தை வைத்தே சிறுத்தை எந்தப் பக்கம் நடக்கிறது என்று சொல்லுவார். அன்றைக்குப் பகல் முழுக்க வேலியை இரட்டை அலம்பலாக அடைத்தார். கண்டுகளை நடுவில் கட்டி, பெரிய மாடுகளைச் சுற்றி விட்டார். இரவில் ஒரு கட்டை விறகை எரிய விட்டார். சிறுத்தை அன்றிரவு வந்து, விட்டுப்போன இறைச்சியைத் தின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கம் அதன் அடியைக் கண்டிருக்கிறோம். மாமா இருக்கும் வரை எங்கள் பட்டியில் இன்னொரு கண்டு போகவில்லை.

அந்த வருடங்களில் கச்சான் நன்றாக வந்தது. பன்றி வராமல் இல்லை. வந்தது, ஓரத்தைக் கிண்டிவிட்டுப் போனது. ஒரே தோட்டத்தில் நாள்கணக்காகத் தங்கி நிற்காது.

பிறகு கம்பி வந்தது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிளைச் சுருக்காக்கி, பன்றி நடக்கிற பாதையில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி விடுவார்கள். செலவில்லாத பொறி, காவல் தேவையில்லை, சத்தமில்லை. கயிறு தட்டினால் தானே வெடிக்கிற கட்டுத்துவக்கைப் போல மனிசரைக் கொல்லாது என்று சொல்லி ஊருக்கு ஊர் கட்டினார்கள். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. சிறுத்தை இடுப்பில் மாட்டிக்கொள்ளும். முன்னுக்கு இழுக்க இழுக்க இறுகும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் விறகுக்குப் போன இடத்தில் வாய்க்கால் கரையில் ஒன்றைக் கண்டார். செத்து ஒரு நாள் இருக்கும். சுற்றிவர மண்ணைக் கிளறி, எட்டின மரமெல்லாம் பட்டை உரிந்து கிடந்ததாம். கேபிள் தோலை வெட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது. இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் அந்த அடியைக் காணவில்லை. வந்தது பன்றி. கச்சான் காய் முற்றுகிற நேரம் பார்த்து, கூட்டமாக, குட்டிகளோடு. விடிய எழும்பிப் போனால் தோட்டம் உழுதது போலக் கிடக்கும். செடி வேரோடு புரண்டு, கோது சப்பித் துப்பினபடி, மண்ணில் மூக்கால் குத்தின குழி குழியாக. பத்து மணி வெயிலுக்குச் செடி எல்லாம் சுருண்டு விடும். காப்பை அடகு வைத்து வாங்கின விதை அது. நாங்கள் காவல்கொட்டில் போட்டு, தகரம் தட்டி, வெடி கொளுத்தி, இரவிரவாக விழித்திருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுந்தார்கள். அடுத்த போகம் மரவள்ளி நட்டோம், அதையும் கிண்டினது. குரங்கு வேறு. தென்னையில் குரும்பையை விடவில்லை.

"ஒரு சிறுத்தை செத்ததால்தான் பன்றி பெருகியது என்று எப்படிச் சொல்லலாம்? மழை, பற்றைக்காடு, வேறு ஆயிரம் காரணம் இருக்குமே" என்று இதன் கீழே யாராவது எழுதுவீர்கள். சரி. நான் ஆய்வாளர் இல்லை. என் தோட்டத்தில் நடந்ததை ஆதாரம் என்று யார் தலையிலும் கட்டவில்லை. அது எனக்குக் கேள்வியைத் தந்தது. பதிலை மற்றவர்கள் செய்த வேலையில் தேடினேன். கம்பஸில் படிக்கிற என் மகள் எடுத்துத் தந்து வாசித்தவைதான் இனி வருகிறவை.

பூட்டானில் வரிப்புலி இருக்கிற காட்டை அண்டின ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். புலி இருக்கிற பக்கத்தில் பயிர்ச்சேதமும் குறைவு, கால்நடை இழப்பும் குறைவு. நடுக்காட்டில் புலி நின்றால் சிறுத்தையும் செந்நாயும் அங்கே நிற்காமல் காட்டின் ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. ஓரத்தில்தானே வயல் இருக்கிறது. அங்கே பன்றியையும் மானையும் அவை பிடிக்கின்றன. வாசித்தபோது மாமா உயிரோடு இல்லையே என்றிருந்தது.

இன்னொன்று வெனிசுவேலாவில். குரி என்ற இடத்தில் பெரிய அணை கட்டினபோது காடு நீரில் மூழ்கி, மேட்டு நிலமெல்லாம் சிறு சிறு தீவுகளாயின. சின்னத் தீவுகளில் ஜாகுவாரும் இல்லை, பூமாவும் இல்லை. குரங்கும் உடும்பு மாதிரியான இகுவானாவும் இலைவெட்டி எறும்பும் கரையில் இருப்பதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை நெருக்கமாகப் பெருகின. மரக்கன்று எழும்பவிடாமல் தின்றன. மேலே பார்த்தால் பச்சைக் காடு, கீழே பார்த்தால் அடுத்த தலைமுறை மரம் இல்லை. டெர்போ என்ற அறிஞரும் கூட்டாளிகளும் 2001இல் இதை எழுதினார்கள். காடு சாகிறது என்றால் கோடரி விழ வேண்டும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். இலையைத் தின்கிற மிருகத்தைத் தின்ன ஆளில்லாவிட்டாலும் காடு சாகும்.

எங்கள் காட்டுக்கு இதைப் பொருத்திப் பார்க்கிறேன். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் மெதுவாக வளருகிற சாதி. ஒரு பாலைக்கன்று ஆளுயரம் வரும் வரைக்கும் மானும் மரையும் கடிக்காமல் விட வேண்டும். வேட்டை மிருகம் நடமாடுகிற காட்டில் மான் ஒரே இடத்தில் நின்று மேயாது. நாலு வாய் தின்னும், நிமிர்ந்து பார்க்கும், நகரும். அந்தப் பயத்தில்தான் கன்று தப்புகிறது. பாலை தப்பினால் வைகாசி ஆனியில் பழம் வரும். கரடி தின்னும், பறவை தின்னும், நாங்களும் பொறுக்கி விற்போம். காடு இருந்தால் மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கும், குளம் தூர்ந்து போகாது. குளம் இருந்தால்தான் சிறுபோகம். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் தாமிரபரணியை நினையுங்கள். அது பிறக்கிற களக்காடு முண்டந்துறை மலை 1988இல் புலிகள் காப்பகமானது. புலிக்கென்று காத்த காட்டில் இருந்துதான் திருநெல்வேலி வயலுக்குத் தண்ணீர் வருகிறது.

ஒரு பெரிய புலி ஆண்டுக்கு ஐம்பது மிருகம் மட்டில் கொல்லும், வாரத்துக்கு ஒன்று கணக்கு. அவ்வளவும் அங்கே விளைய வேண்டும் என்றால் எவ்வளவு காடு, எவ்வளவு புல், எவ்வளவு தண்ணீர் தேவை என்று யோசியுங்கள். அதனால்தான் புலியைக் காக்க வெளிக்கிட்டால் காடு முழுவதையும் காக்க வேண்டியிருக்கிறது. 2010இல் புலி வாழும் 13 நாடுகள் சென்பீட்டர்ஸ்பேர்க்கில் கூடியபோது உலகத்தில் மிஞ்சியிருந்தது 3,200 மட்டில் என்றார்கள். இந்தியாவில் மட்டும் 2022 கணக்கெடுப்பின் மதிப்பீடு 3,682. காத்தால் வரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா இருக்கிறது. காப்பகம் என்று பெயர் இருந்தும் 2005 அளவில் ஒரு புலிகூட இல்லாமல் வேட்டைக்காரர் துடைத்துவிட்டார்கள். 2008இல் வேறு காட்டில் இருந்து கொண்டுவந்து விட வேண்டி வந்தது.

எங்கள் சிறுத்தையும் நிறைய இல்லை. முழு இலங்கையிலும் வளர்ந்த சிறுத்தை ஆயிரத்துக்குக் கீழேதான்.

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையை அடித்துக் கொன்றதைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் பற்றி எழுதினால் யாராவது அந்தக் காணொளியைக் கொண்டுவந்து போடுவீர்கள். அந்தக் கொலை சரி என்று நான் சொல்லவில்லை. செத்த மிருகத்தைத் தூக்கிப் படம் எடுத்ததைப் பார்த்து என் வயிறு கலங்கினது. ஆனால் அன்றைக்கு அது ஒரு வனஜீவராசி உத்தியோகத்தர் உட்படப் பத்துப் பேர் மட்டில் காயப்படுத்தியது என்பதை எத்தனை பேர் எழுதினீர்கள்? வன்னிச் சனம் காட்டுமிராண்டிகள் என்று வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சொந்தக்காரரே எழுதினார்கள். மயக்க மருந்து ஊசியும் அதைச் சுடத் தெரிந்தவரும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் சனம் தடி எடுத்திருக்காது என்று நம்புகிறேன்.

சிறுத்தை ஏன் ஊருக்கு வருகிறது என்றும் கேளுங்கள். அதன் சாப்பாட்டை யாரோ தின்றுவிடுகிறார்கள். மரை வத்தலும் மான் இறைச்சியும் கேட்டு வாகனத்தில் வருகிறவர்கள் இந்த ஊர்ச்சனம் இல்லை. நல்ல உடுப்புப் போட்டவர்கள், விலை கேட்காமல் வாங்குகிறவர்கள். காட்டில் மான் குறைந்தால் சிறுத்தை நாயையும் கண்டையும் தேடி வருகிறது. அடி வாங்குவது சிறுத்தை, பழி சுமப்பது நாங்கள். வாங்கித் தின்றவர் வீட்டில் இருந்துகொண்டு சிறுத்தைக்காக அழுகிற படம் போடுகிறார். இது எனக்குத் தாங்க முடியாத விசயம்.

தாங்க முடியாதது இன்னொன்றும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் எழுதுகிறேன். நாங்கள் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எங்கள் மேட்டு வயலில் பற்றை வளர்ந்துவிட்டது. திரும்பி வந்து வெட்டித் துப்புரவாக்கப் போனால் எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். காடாம். என் மாமாவின் தகப்பன் உழுத நிலம், வரம்பு இன்னும் தெரிகிறது, காணி உறுதி இருந்த பெட்டி போரோடு போய்விட்டது. ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைந்து, கிராம சேவையாளரின் கடிதம், அயலவரின் சத்தியக்கடதாசி எல்லாம் கொடுத்தும் முடிவில்லை. அதே நேரம், அதே வீதியில், இரவில் முதிரை மரம் ஏற்றின லொறி போகிறது. காட்டைக் காக்கிறவர்கள் என்று நாங்கள் யாரை நம்புவது? இதைச் சொன்னதும் காட்டுக்கு எதிரி என்று என்னை எழுதாதீர்கள். மடு றோட்டும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காவானபோது சந்தோசப்பட்டவள் நான். காடு காடாக இருக்கட்டும், வயல் வயலாக இருக்கட்டும்.

கேள்விக்கு வருகிறேன்.

2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மந்தி, மயில், மர அணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். நானும் தாளும் பேனையுமாக வளவில் நின்று எண்ணினேன். குரங்கைப் பிடித்து அனுப்புவோம், கருத்தடை செய்வோம் என்று அதற்குப் பிறகும் முன்னும் எத்தனையோ யோசனை. ஆண்டாண்டாகக் குரங்கையும் பன்றியையும் சம்பளமில்லாமல் மட்டுப்படுத்திக்கொண்டு திரிந்த மிருகத்தைக் கம்பியில் சாகவிட்டுவிட்டு அந்த வேலையைக் காசு கொடுத்துச் செய்யப் பார்க்கிறோம். சிறுத்தை இருந்தால் எல்லாப் பயிர்ச்சேதமும் நின்றுவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. யானையை அது ஒன்றும் செய்யாது. அது வேறு துன்பம்.

ஆகவே அந்தக் காசை எங்களுக்குக் கொடுங்கள் என்றால், கொடுங்கள், ஆனால் இப்படிக் கொடுங்கள். யால பக்கத்தில் கண்டுகளை இரவில் அடைக்க இரும்பு வலைப்பட்டி கொடுத்தார்கள். கழற்றி வேறிடத்தில் பூட்டலாம், சிறுத்தை உள்ளே நுழைய முடியாது. கண்டு தப்பினால் யாரும் இறைச்சிக்கு மருந்து ஊற்றப் போவதில்லை. வன்னியில் அலம்பல் வேலியோடு மாடு வைத்திருக்கிற குடும்பங்களுக்கு அது ஒன்று கிடைத்தால் போதும். கண்டு போனால் நட்டஈடு அந்தப் போகத்துக்குள்ளேயே கையில் வர வேண்டும். படிவம் நிரப்பி அடுத்த வருடம் வரைக்கும் பார்த்திருக்கச் சொன்னால் பெடியள் மருந்துப் போத்தலைத்தான் எடுப்பார்கள். கச்சான் தோட்டத்துக்குப் பன்றி புகாத வேலி போட மானியம் வந்தால் கேபிள் கட்ட அவசியம் இல்லை. கட்டியிருக்கிற கேபிளைத் தேடிக் கழற்ற எங்கள் ஊர்ப் பெடியளுக்கே நாட்சம்பளம் கொடுக்கலாம். எந்தப் பாதையில் கட்டியிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்குப் போகிற காசு புலிக்கா, ஏழைக்கா என்று நீங்களே சொல்லுங்கள். பட்டி விசயமாக உதவக்கூடிய யாரையாவது தெரிந்தால் கீழே எழுதி விடுங்கள். எங்கள் மாதர் சங்கத்தில் மாடு வைத்திருக்கிறவர்களின் பட்டியல் எழுதி வைத்திருக்கிறோம்.